பெட்டியில் அச்சிடாத வரி: ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் பழைய கார்டும் புதிய கார்டும்

பின்னணி

டெல்டா மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில், ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் 2023 கார்த்திகையில் தொடங்கி 2024 ஆடியில் முடிந்த விஷயம் இது. ஊரையும் பெயர்களையும் விட்டுவிட்டு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அந்த ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர்களைப் பல வருடமாக நான்தான் பார்க்கிறேன். இதில் நடந்த பெரிய தவறும் என்னுடையதுதான். பழைய கிராபிக்ஸ் கார்டையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்க நினைக்கும் யாருக்கும் அதே தவறு நேரக்கூடும் என்பதால் ஒன்றையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

ஸ்டுடியோவில் மூன்று பேர். ஓனர், கேமராவும் அவரேதான் பிடிப்பார். ஒரு எடிட்டர். ஆல்பம் டிசைன் செய்ய ஒரு பெண். எடிட்டிங் கம்ப்யூட்டரை 2017-ல் நான் அசெம்பிள் செய்து கொடுத்தேன்: இன்டெல் ஐ7-7700, பி250 மதர்போர்டு, 16 ஜிபி ராம், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி), என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கார்டு, அதில் 6 ஜிபி மெமரி. ஆறு வருடம் எந்தக் குறையும் சொல்லாமல் ஓடியது. பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் இரண்டு கேமரா, மூன்று கேமரா வைத்து ஒரு வருடத்துக்கு ஐம்பது அறுபது கல்யாணம் அதில்தான் எடிட் ஆனது.

2023 நடுவில் ஓனர் கேமராக்களை மாற்றினார். பழைய கேமராக்கள் ஹெச்.264 என்ற வீடியோச் சுருக்க முறையில், நிறத்துக்கு 8 பிட் நுணுக்கத்தில் படம் எடுத்தவை. புதியவை மிர்ரர்லெஸ், 4கே, இன்னும் அதிகமாகச் சுருக்கும் ஹெச்.265, 10 பிட், நொடிக்கு 50 பிரேம். படம் பிரமாதமாக இருந்தது. ஆனால் எடிட்டருக்குத் தொல்லை அன்றே ஆரம்பித்தது.

முதல் நாள் பார்த்தது

கார்த்திகைக் கடைசியில் கூப்பிட்டார்கள். எடிட்டர் ஒரு கல்யாணத்தைத் திறந்து முகூர்த்த நேரத்தை ஓட்டிக் காட்டினார். சத்தம் சரியாக ஓடியது, படம் தேங்கித் தேங்கி வந்தது. கெட்டிமேளம் காதில் கேட்டு முடிகிறது, திரையில் மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையில் வாங்கவில்லை. “கட் பண்ற இடமே தெரியலண்ணா. குத்துமதிப்பா வெட்டிட்டு திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்” என்றார். ஒரு கல்யாணத்துக்கு நாலு நாள் எடுத்தது எட்டு நாள் ஆகியிருந்தது.

முதலில் கேபினெட்டைத் திறந்து ப்ளோயரால் தூசியை ஊதினேன். கார்டின் ஹீட்சிங்க்கில் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. அதை எடுத்ததும் சூடு நன்றாகக் குறைந்தது, தேக்கம் குறையவில்லை. அப்புறம் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னேன். பிராசஸர் 100 சதவீதத்தில் முட்டி நின்றது. கார்டு 20 சதவீதத்தைத் தாண்டவில்லை. இருட்டான ரிசப்ஷன் காட்சிகளுக்கு எடிட்டர் போட்டிருந்த, நாய்ஸ் (படத்தில் மொய்க்கும் புள்ளிகள்) குறைக்கும் எஃபெக்ட் ஓடும்போது மட்டும் கார்டும் மேலே ஏறியது, 6 ஜிபி மெமரியும் கிட்டத்தட்ட நிரம்பியது.

என் கணக்கு இப்படிப் போனது: வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழுகிறது, கார்டுக்கு வயதாகிவிட்டதால் அதனால் வாங்கிக்கொள்ள முடியவில்லை, புதுக் கார்டு போட்டால் வாங்கிக்கொள்ளும். ஓனருக்கும் அதுவே தோன்றியது. கேமரா விற்ற கடையிலும் “கார்டை மாத்துங்க” என்றுதான் சொல்லியிருந்தார்கள். கார்டு 20 சதவீதத்தில் சும்மா இருந்தால், அதற்கு வேலை போய்ச் சேரவில்லை என்றும் அர்த்தம் உண்டு. ஏன் போகவில்லை என்று நான் அப்போது கேட்கவில்லை. டாஸ்க் மேனேஜரில் கார்டின் மேல் கிளிக் செய்தால், சுருக்கி வைத்த வீடியோவைத் திரையில் ஓட்டுவதற்காகப் பிரித்துத் தரும் வேலைக்கு ‘வீடியோ டிகோட்’ என்று தனி வரைபடம் கீழே இருக்கும். அதை அன்று திறந்திருந்தால் இந்தக் கதை மூன்று நாளில் முடிந்திருக்கும்.

நோட்டில் போட்ட கணக்கு

மார்கழியில் முகூர்த்தம் இல்லை. சேர்ந்து கிடக்கும் எடிட்டிங்கை முடிக்கும் மாதம் அது. அதற்குள் கார்டு வந்துவிட வேண்டும் என்றார் ஓனர். மூன்று யோசனைகள் மேசைக்கு வந்தன. ஆர்டிஎக்ஸ் 4060 என்பது என் யோசனை. ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி என்பது எடிட்டரின் யோசனை. ஓனரின் அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், கேம் ஆடுகிறவன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்றான். “மாமா, அது அந்தக் காலத்து ராஜா. 352 பிட் பஸ். இவங்க சொல்றது வெறும் 128 பிட்” என்பது அவன் வாதம். வாதத்தில் நியாயம் இருந்ததால் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எழுதிப் பார்த்தோம். கார்டு ஒப்பீட்டில் எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் இவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கோர் எண்ணிக்கை. கோர் என்பது சிப்புக்குள் கணக்குப் போடும் சின்ன அலகு. 1060-ல் 1280, 4060-ல் 3072. சரி. 1080 டிஐ-யில் 3584, 3060-யிலும் அதே 3584. 2017 கார்டும் 2021 கார்டும் எண்ணிக்கையில் சமம். அப்படியானால் இரண்டும் ஒன்றா என்று ஓனர் கேட்டார். ஒன்றில்லை. என்விடியா தன் கோர்களை எண்ணும் விதமே நடுவில் மாறியது. 2019-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 2060-ல் கோர்களைத் தொகுத்து வைத்த கூறுகள் 30, கூறுக்கு 64 கோர், ஆக 1920. அடுத்த தலைமுறை 3060-ல் கூறுகள் 28 தான், ஆனால் கூறுக்கு 128 என்று கணக்கு. காரணம், 2060-ல் முழு எண் கணக்கை மட்டும் போட்ட பகுதி, 3060-ல் தசம எண் கணக்கையும் போடக் கற்றுக்கொண்டது. அதையும் சேர்த்து எண்ணினார்கள். ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரு வகைக் கணக்கைத்தான் போடும். எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனதால் வேகமும் இரண்டு மடங்கு ஆகிவிடவில்லை. ஒரே தலைமுறைக்குள் இரண்டு கார்டை ஒப்பிடத்தான் கோர் எண்ணிக்கை உதவும். தலைமுறை தாண்டி ஒப்பிட்டால் ஏமாற்றும்.

அடுத்தது பஸ் அகலம். சிப்புக்கும் கார்டின் மெமரிக்கும் நடுவில் உள்ள வழிதான் பஸ். பையன் சொன்ன 352 பிட் உண்மைதான். ஆனால் பஸ் அகலம் சாலையின் அகலம் மாதிரி. அந்தச் சாலையில் வண்டி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதையும் சேர்த்தால்தான் ஒரு நொடிக்கு எவ்வளவு சரக்கு போகும் என்று தெரியும். நோட்டில் இப்படிப் போட்டோம்: அகலத்தை மெமரியின் வேகத்தால் பெருக்கி எட்டால் வகுக்க வேண்டும், எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால். 1060-க்கு 192 பெருக்கல் 8, வகுத்தல் 8, நொடிக்கு 192 ஜிபி. 1080 டிஐ-க்கு 352 பெருக்கல் 11, வகுத்தல் 8, அதாவது 484. 3060-க்கு 192 பெருக்கல் 15, வகுத்தல் 8, வந்தது 360. 4060-க்கு 128 பெருக்கல் 17, வகுத்தல் 8, வந்தது 272. பஸ் அகலத்தில் 4060 பழைய 1060-ஐ விடக் குறைவு, ஆனால் சரக்கில் அதிகம். அதோடு 4060-ன் சிப்புக்குள்ளேயே எல்2 கேஷ் என்ற சின்ன மெமரி 24 எம்பி இருக்கிறது. 1060-ல் அது ஒன்றரை எம்பி, 3060-ல் 3 எம்பி. அடிக்கடி தேவைப்படும் பொருள் வீட்டு அலமாரியிலேயே இருந்தால் கடைக்குப் போகும் நடை குறையும். அதனால்தான் 128 பிட்டை வைத்துச் சமாளிக்கிறார்கள். ஆனாலும் சரக்கில் 1080 டிஐ-தான் மேலே நின்றது. அந்த வரியில் பையன் சொன்னது சரி.

மூன்றாவது மின்சாரம். 1060-க்கு 120 வாட், 4060-க்கு 115 வாட். ஏழு வருட இடைவெளியில், அதைவிடக் குறைந்த மின்சாரத்தில், காகிதக் கணக்கில் மூன்று மடங்குக்கு மேல் வேகம். இதை எழுதியபோது எனக்கே மலைப்பாக இருந்தது. 1060-ன் சிப்பில் 440 கோடி டிரான்சிஸ்டர், 200 சதுர மில்லிமீட்டர். 4060-ல் 1890 கோடி டிரான்சிஸ்டர், ஆனால் சிப் அதைவிடச் சிறியது, சுமார் 159 சதுர மில்லிமீட்டர்தான். 3060-க்கு 170 வாட், 1080 டிஐ-க்கு 250 வாட். 1080 டிஐ போட 600 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை. 4060-க்கு அது 550.

நான்காவதாக ஒன்றை எழுதினேன், பெட்டியில் சின்ன எழுத்தில் இருப்பது. கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் வழிக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர். 1060 அதன் 16 பாதைகளையும் பயன்படுத்தும் 3.0 கார்டு. 4060 என்பது 4.0 கார்டு, ஆனால் எட்டுப் பாதைதான். புது மதர்போர்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வரும், நொடிக்கு 16 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஸ்டுடியோவில் இருந்த பி250 போர்டு 3.0 தான். அதில் 4060-க்குப் பாதி வழிதான் திறக்கும், 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. எடிட்டிங்குக்கு அது தாங்கும் என்று முடிவு செய்தேன். பின்னால் பார்த்தபோதும் அதனால் தொல்லை எதுவும் தெரியவில்லை.

மெமரி அளவில் 6, 8, 11, 12 என்று எல்லோருக்கும் புரியும் வரி. அதைப் பேச நேரம் ஆகவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

1080 டிஐ-யை முதலில் விலக்கினோம். எதேரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டுவதற்காக கார்டுகளை ராப்பகலாக ஓட்டியவர்களுக்கு 2022 செப்டம்பரில் அந்த வேலை நின்றுபோனது. அதன்பின் பழைய மார்க்கெட்டுக்கு வந்த கார்டுகளில் எது எப்படி உழைத்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. கல்யாண வீடியோ திரும்ப எடுக்க முடியாத வேலை. கேரண்டி இல்லாத கார்டை நம்பி அதைச் செய்ய ஓனருக்கு மனம் வரவில்லை, எனக்கும்தான்.

3060-க்கும் 4060-க்கும் நடுவில் 4060-ஐத் தேர்ந்தெடுத்தேன். மின்சாரம் குறைவு. ஸ்டுடியோ கல்யாணங்களை நேரலையும் செய்கிறது. 40 வரிசை கார்டுகளில்தான் ஏவி1 என்ற இன்னொரு சுருக்க முறையில் என்கோட் செய்யும் (வீடியோவைச் சுருக்கி எழுதும்) வசதி வந்தது, 30 வரிசை ஏவி1 வீடியோவைப் படிக்க மட்டும் செய்யும். 12 ஜிபி மெமரியை எடிட்டர் விரும்பினார். இந்த ஸ்டுடியோவின் வேலைக்கு 8 போதும் என்றேன். அந்தக் கணிப்பு இன்றுவரை பொய்க்கவில்லை. ஆறு வருடம் ஓடிய 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து மாற்றச் சொன்னேன். எங்கள் பக்கத்து மின்சாரம் ஏறி இறங்கும் விதத்துக்கு அந்தச் செலவு தேவையானதுதான்.

டிசம்பரில் கார்டும் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் மாட்டினேன்.

கார்டு மாட்டிய பின்

அன்று மாலையே ரிசப்ஷன் காட்சிகள் உள்ள நாலு நிமிட ஹைலைட் ஒன்றை எக்ஸ்போர்ட் செய்தோம். நாய்ஸ் எஃபெக்ட் போட்டது. பழைய கார்டில் 41 நிமிடம் ஆனதை எடிட்டர் குறித்து வைத்திருந்தார். புதிதில் 17 நிமிடம். எல்லோருக்கும் சந்தோஷம். நான் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை போன். எடிட்டர்தான். முகூர்த்தக் காட்சி டைம்லைனில் அப்படியே தேங்குகிறது. எஃபெக்ட் எதுவும் போடாத வெறும் கிளிப். பழைய கார்டில் எப்படியோ அதே கதை.

டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். சாஃப்ட்வேரின் அமைப்புகளில் ஹார்டுவேர் டிகோடிங் டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்தேன், ஆகியிருந்தது. கோப்புகள் இருந்த ஹார்ட் டிஸ்கின் மேல் சந்தேகம் வந்து, ஒரு கல்யாணத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றி ஓட்டினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டு நாள் இப்படிப் போனது. ஓனர் ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. “அப்போ இந்தக் கார்டு வேஸ்டா, தம்பி?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

எங்கே தவறியது

மூன்றாம் நாள்தான் டாஸ்க் மேனேஜரில் அந்த வீடியோ டிகோட் வரைபடத்தைத் திறந்தேன். முகூர்த்தக் காட்சியை ஓட்டினோம். பிராசஸர் 100. டிகோட் கோடு அடியில் ஒட்டிக்கொண்டு பூஜ்யத்தில் படுத்திருந்தது. புத்தம் புதுக் கார்டு, அதில் வீடியோ பிரிப்பதற்கென்றே தனிப் பகுதி, அது ஒரு துளி வேலையும் செய்யவில்லை. பழைய கேமராவில் எடுத்த ஒரு கல்யாணத்தைத் திறந்து ஓட்டினேன். கோடு சட்டென்று ஏறியது, பிராசஸர் இறங்கியது.

அப்படியென்றால் கோளாறு கார்டில் இல்லை, கோப்பின் வகையில். மீடியாஇன்ஃபோ என்ற சின்ன சாஃப்ட்வேரில் இரண்டு கிளிப்பையும் போட்டுப் பார்த்தேன். பழையது 4:2:0. புதியது 4:2:2.

இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கேமரா ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்ச அளவைத் தனியாகச் சேமிக்கும். நிறத்தை அப்படி எல்லாப் புள்ளிக்கும் சேமிப்பதில்லை, கண்ணுக்கு நிற நுணுக்கம் அவ்வளவு தெரியாது. 4:2:0 முறையில் நாலு புள்ளிக்கு ஒரு நிறக் குறிப்பு. 4:2:2 முறையில் இரண்டு புள்ளிக்கு ஒன்று. நிறம் இரண்டு மடங்கு நுணுக்கமாக இருக்கும், கலர் கிரேடிங்கில், அதாவது நிறத்தைத் திருத்தும் வேலையில், இழுத்தால் கிழியாது. அதனால்தான் ஓனர் புதுக் கேமராவில் 4:2:2 வைத்திருந்தார். அவர் செய்ததில் தப்பே இல்லை.

ஆனால் வீடியோ பிரிக்கும் பகுதி எந்த வகையைப் படிக்கும் என்பது சிப் செய்யும்போதே முடிவாகிவிடும். என்விடியாவின் 10 வரிசையும் 40 வரிசையும் ஹெச்.265, 10 பிட், 4:2:0 கோப்பைப் படிக்கும். 4:2:2 கோப்பை இரண்டுமே படிக்காது. ஏழு வருட இடைவெளி உள்ள இரண்டு கார்டும், நோட்டில் நாங்கள் எழுதிய அத்தனை வரியிலும் வேறுபட்டு, எங்களுக்குத் தேவையான அந்த ஒரு வரியில் ஒன்றாக நின்றன. அந்த வரி பெட்டியின் மேல் கிடையாது. டிஎல்எஸ்எஸ், ரே டிரேசிங் என்று கேம் ஆடுகிறவர்களுக்காகப் பெரிய எழுத்தில் இருந்த எதுவும் தாலி கட்டும் காட்சியை ஓட்ட உதவாது.

அன்று மதியம் ஒரு சோதனை செய்தோம். ஆல்பம் டிசைன் செய்யும் பெண் தன் வீட்டிலிருந்து அரக்கு நிறப் பட்டுப் புடவை ஒன்றைக் கொண்டுவந்தார். ஜரிகை பார்டர் வெளியே தெரியும்படி பேக்டிராப் ஸ்டாண்டில் தொங்கவிட்டு, அதே கேமராவில் 4:2:2-ல் பத்து வினாடி, 4:2:0-ல் பத்து வினாடி எடுத்தோம். இரண்டாவது கிளிப் டைம்லைனில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு 4060-ஐக் கழற்றிவிட்டு, பெட்டியில் கிடந்த 1060-ஐ மாட்டி ஓட்டினேன். அதிலும் ஓடியது.

அந்த நிமிடம் எனக்கு உறைத்தது. ஓனர் முதல் நாள் என்னிடம் சொன்ன குறைக்கு, கேமராவில் ஒரு அமைப்பை மாற்றுவதே மருந்தாக இருந்திருக்கும். ஒரு ரூபாய் செலவு இல்லை. இதை அவரிடம் அப்படியே சொன்னேன். நாய்ஸ் எஃபெக்ட்டிலும் எக்ஸ்போர்ட்டிலும் கார்டு தன் விலைக்கு உழைக்கிறது, ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது விடையில்லை, நான் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று.

இரண்டாவது முடிவு

இரண்டு கிளிப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஓனர் வெகுநேரம் பார்த்தார். முழுத் திரையில் வித்தியாசம் கண்ணில் படவில்லை. நாலு மடங்கு பெரிதாக்கியபோது, அரக்கும் ஜரிகையும் சேரும் விளிம்பில் 4:2:0 கொஞ்சம் கசிந்த மாதிரி இருந்தது. அதை வைத்து அவரே பிரித்தார்: மண்டபத்தில் மணிக்கணக்கில் ஓடும் சடங்குகள், ரிசப்ஷன் எல்லாம் 4:2:0. மாப்பிள்ளை பொண்ணை மட்டும் வைத்து எடுக்கும் வெளிப்புறக் காட்சிகள் 4:2:2, ஏனென்றால் கலரில் அதிகம் விளையாடுவது அங்கேதான்.

ஏற்கெனவே 4:2:2-ல் எடுத்துக் குவிந்திருந்த கார்த்திகைக் கல்யாணங்களுக்குப் பிராக்ஸி போட்டோம். பெரிய கோப்புக்குப் பதிலாக அதன் சின்ன நகலை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் மூலக் கோப்பிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யும் முறை. நகல் எடுக்க ஒரு கல்யாணத்துக்கு ஒரு ராத்திரி ஆகும், டிஸ்கில் இடமும் பிடிக்கும். எடிட்டருக்கு முதலில் அது பிடிக்கவில்லை. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. தை முகூர்த்தங்கள் வருவதற்குள் பாக்கி எல்லாம் போய்ச் சேர்ந்தது.

ஆடியில் செய்தது

பிராக்ஸி இல்லாமலே 4:2:2 ஓடவேண்டும் என்ற ஆசை ஓனருக்கு இருந்தது. அதற்கு வழி கார்டில் இல்லை, பிராசஸரில் இருந்தது. டெஸ்க்டாப்பில் இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ், ஹெச்.265, 10 பிட், 4:2:2 கோப்பை நேராகப் படிக்கும். தனி கார்டை விடப் பல மடங்கு சிறிய அந்தப் பகுதிக்கு இந்த ஒரு வேலை தெரியும். அதே 4:2:2 ஹெச்.264-ல் இருந்தால் அதனாலும் முடியாது, ஆகவே கேமராவில் ஹெச்.265 தான் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டேன்.

2024 ஆடியில், முகூர்த்தம் இல்லாத மாதத்தில், ஐ5-12400 பிராசஸரும் டிடிஆர்4 ராம் ஏற்கும் பி660 போர்டும் வாங்கினோம். பழைய ராமையே போட்டு இன்னும் 16 ஜிபி சேர்த்தோம். கடையில் 12400எஃப் இன்னும் குறைவாக வரும், தனி கார்டுதான் இருக்கிறதே என்றார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். எதற்காக மாற்றுகிறோமோ அதுவே போய்விடும்.

மாட்டியதும் வேலை முடியவில்லை. தனி கார்டு இருந்தால் பல போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் போய் அதை எப்போதும் இயங்கும்படி வைத்து, இன்டெல் டிரைவரைப் போட்டபின்தான் டாஸ்க் மேனேஜரில் இரண்டு கிராபிக்ஸும் தெரிந்தன. மானிட்டர் கேபிள் 4060-லேயே இருந்தது. எடிட்டர் அதே கார்த்திகை முகூர்த்தத்தைத் திறந்து, பிராக்ஸியை அணைத்து, ஸ்பேஸ் பாரைத் தட்டினார். இன்டெல்லின் டிகோட் கோடு ஏறியது. பிராசஸர் பாதிக்குக் கீழே நின்றது. கெட்டிமேளமும் தாலியும் ஒரே நேரத்தில் வந்தன. எடிட்டர் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி நாலு தடவை ஓட்டினார்.

புதுப் போர்டு 4.0 என்பதால் 4060-க்கும் முழு வழி திறந்தது. அதனால் எக்ஸ்போர்ட்டில் பெரிய மாற்றம் எதையும் நான் பார்க்கவில்லை.

இன்னொரு முறை என்றால்

கார்டைப் பற்றிப் பேசும் முன்பு கேமராவிலிருந்து பத்து வினாடிக் கிளிப் ஒன்றை வாங்கி மீடியாஇன்ஃபோவில் போட்டுப் பார்ப்பேன். இப்போது எடிட்டிங் கம்ப்யூட்டர் யார் கேட்டாலும் அதைத்தான் செய்கிறேன். டாஸ்க் மேனேஜரில் மொத்தச் சதவீதத்தைப் பார்த்து முடிவு செய்யமாட்டேன், டிகோட், என்கோட் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பேன். நோட்டில் கோர், பஸ், வாட் எழுதும் முன்பு மேலே ஒரு வரி காலியாக விட்டு, எந்தக் கோப்பை எது படிக்கும் என்று எழுதுவேன். என்விடியா தன் டெவலப்பர் பக்கத்தில் தலைமுறை வாரியாக அதை அட்டவணையாகவே கொடுத்திருக்கிறது. கடைக்காரர் காட்டும் தாளில்தான் அது இருப்பதில்லை.

வரிசையையும் மாற்றியிருப்பேன். முதலில் கேமரா அமைப்பு, அடுத்து பிராக்ஸி, அப்புறம் பிராசஸரும் போர்டும், கடைசியில் கார்டு. ஓனர் செலவு செய்த மொத்தத் தொகை ஒருவேளை அதேதான் வந்திருக்கும். ஆனால் மார்கழியில் எடிட்டர் இழந்த நாட்கள் மிஞ்சியிருக்கும்.

இதே கேள்வி இன்று வந்தால் விடையும் வேறு. 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 4:2:2 கோப்பை ஹெச்.264, ஹெச்.265 இரண்டிலும் கார்டிலேயே பிரிக்கும். அந்த வரிசையின் 5060-ஐ 4060-ஓடு வைத்துப் பார்த்தால் மெமரி அதே 8 ஜிபி, பஸ் அதே 128 பிட். மெமரி மட்டும் ஜிடிடிஆர்7 என்ற புது வகை ஆகி, நொடிக்கு 448 ஜிபி போகிறது. 145 வாட். மேலோட்டமாகப் பார்ப்பவர் இதற்கு ஏன் மாறவேண்டும் என்பார். இந்த மாதிரிக் கேமரா வைத்திருக்கும் ஸ்டுடியோவுக்கு அதில் உள்ள டிகோட் பகுதி ஒன்றுக்காகவே மாறலாம்.

பழைய 1060-ஐ விற்கவில்லை. தெர்மல் பேஸ்ட் மாற்றி ஆல்பம் கம்ப்யூட்டரில் போட்டேன், அங்கே அது தாராளம். 10 வரிசை கார்டுகளுக்கு வழக்கமான டிரைவர் புதுப்பிப்பு 2025 அக்டோபரோடு நின்றது, பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. அந்த மாதத்தை ஒரு ஸ்டிக்கரில் எழுதி கேபினெட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறோம்.